செங்கமலத்தின் பின்னால் நடந்து வந்த செருப்புகள்

வெள்ளகோவிலிலிருந்து கடல் பார்க்கப் புறப்பட்ட கூட்டம் கப்பலில் வெறுங்காலோடு ஏறியது, ஏறிய மறுநாள் காலையில் அவர்கள் கரையில் விட்டுவந்த செருப்புகள் கடல்மேல் நடந்து வந்து சேர்ந்தன. நடந்தது இவ்வளவுதான், இதில் வாய் பிளக்க ஒன்றுமில்லை, செருப்பு என்றால் நடக்கத்தானே செய்யும் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லுவார்கள். அவர்கள் இன்றைக்கும் மறக்காமல் சொல்லுவது வேறு விஷயம். மற்ற எல்லாருடைய செருப்பும் வந்து சேர்ந்த பிறகும் ஒரே ஒருவருடைய செருப்பு மட்டும் வராமல் போனதையும், அதற்காக அவர் மனைவி துளசிமணி பட்ட பாட்டையும்தான் சொல்லுவார்கள்.

கப்பலுக்குச் செங்கமலம் என்று பெயர். துறைமுகத்தில் சரக்குக் கப்பல்களுக்குப் பக்கத்தில் அது மினி பஸ் மாதிரிதான் தெரிந்தது, ஆனால் உள்ளே போனால் அறைக்கு ஒரு பூவின் பெயர், அந்தப் பூவின் நிறத்தில் போர்வை, வட்ட ஜன்னல், மேல்தளத்தில் சாய்ந்து உட்காரப் பிரம்பு நாற்காலிகள், கேட்காமலே வந்துகொண்டிருக்கும் காப்பி என்று குறையொன்றும் இல்லை. நாகப்பட்டினத்தில் புறப்பட்டுக் கரை தெரிந்தும் தெரியாமலும் வடக்கே விசாகப்பட்டினம் வரை போய்த் திரும்புவது அதன் வேலை. அந்தப் பருவத்தின் முதல் பயணம் என்பதால் கப்பல்காரர்கள் ஏறுபலகையின் அடியில் கோலம் போட்டு, பூசணிக்காய் உடைத்து, சூடம் காட்டி, பலகை நெடுகச் சிவப்புக் கம்பளமும் விரித்து வைத்திருந்தார்கள். வரிசையில் முதலில் நின்றவள் பூவாத்தாள், நூல் கடைக்காரர் வீட்டு அம்மா, எந்த வாசலிலும் முதல் ஆளாக நிற்கிறவள். கோலத்தைப் பார்த்தாள், எரிகிற சூடத்தைப் பார்த்தாள், கம்பளத்தைப் பார்த்தாள், கன்னத்தில் போட்டுக்கொண்டு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஏறினாள். முன்னால் போகிறவள் கழற்றிய பிறகு பின்னால் போகிறவர் கழற்றாமல் போனால் அவரை என்னவென்று நினைப்பார்கள்? ஆகவே அவள் பின்னால் வந்தவரும், அவருக்குப் பின்னால் வந்தவரும், இந்தச் சுற்றுலாவை ஏற்பாடு செய்த ஈஸ்வரமூர்த்தியும்கூட ஷூவின் கயிற்றை அவிழ்த்து, சாக்ஸைச் சுருட்டி ஷூவுக்குள்ளேயே திணித்து வைத்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

உள்ளே பன்னீரும் இளநீரும் வைத்துக்கொண்டு நின்றிருந்த மேனேஜர் ஜெரால்டு தூத்துக்குடிக்காரர், வெள்ளை உடுப்பும் கறுப்பு மீசையுமாக மாப்பிள்ளைத் தோரணையில் இருப்பார். வருகிறவர்கள் எல்லாரும் வெறுங்காலோடு வருவதை அவர் கவனிக்காமல் இல்லை. பழனிக்கு நடக்கிற ஊர்க்காரர்கள், ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது, கேட்டால் மனம் புண்படும் என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். அவர்களோ, செருப்பைக் கப்பல்காரர்கள் எடுத்து உள்ளே வைப்பார்கள், இவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கத்து மரியாதையும் சேர்ந்ததில் கப்பல் கிளம்பிவிட்டது, கல்யாண மண்டபத்து வாசல் மாதிரி செருப்புக் குவியல் கரையிலேயே நின்றுவிட்டது.

விஷயம் தெரிந்ததும் ஜெரால்டு நெற்றியில் அடித்துக்கொண்டு, அறையில் போட்டு நடக்கிற வெள்ளைத் துணிச் செருப்புகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் ஊர்க்காரர்களுக்குக் காலடியில் கம்பளத்தின் சுகம் கண்டுவிட்டது. மெத்தையில் உட்கார்ந்தால் இடுப்புவரை அமிழ்கிறது என்று சிலர் போர்வையை உருவித் தரையில் விரித்துப் படுத்துப் பார்த்தார்கள், தரையும் மெத்தென்றுதான் இருந்தது. குழாயைத் திருகியதும் வெந்நீர் வருகிறது என்று ஒரே மாலையில் இரண்டு தரம் குளித்தவர்கள் உண்டு. வெள்ளைத் துணிச் செருப்பைச் சிலர் வாங்கிக்கொண்டார்கள், சிலர் ஊருக்குக் கொண்டுபோகப் பையில் வைத்துக்கொண்டார்கள். துளசிமணி மட்டும் கையால்கூடத் தொடவில்லை.

"வேண்டாமுங்க. இதே மாதிரிதான் ஆஸ்பத்திரியில குடுத்தாங்கொ. எங்களுக்கு வெறுங்காலே போதும்" என்றாள்.

அவள் சொன்ன ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில் இருந்தது. அவள் கணவர் சென்னியப்பன் கொப்பரைக் களம் வைத்திருக்கிறவர், நல்ல மனிதர், யாரிடமும் ஒரு சுடுசொல் பேசமாட்டார், ஆனால் தன் உடம்பைப் பற்றி ஒரு நாளும் உண்மை பேசாதவர். போன வருஷம் பூராவும் நெஞ்சைத் தடவிக்கொண்டே திரிந்தார். என்னவென்று கேட்டால் "வாயு" என்பார், ஓமத்தண்ணி குடிப்பார், சோடா குடிப்பார், "ஒண்ணுமில்ல அம்முணி" என்பார். அவளும் நம்பினாள். பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் ரசத்துக்குக் கை நீட்டியவர் அப்படியே இலைமேல் சாய்ந்தார். நெஞ்சைத் திறந்து தைத்து அனுப்பி, இனிமேல் பயமில்லை, எங்கேயாவது காற்றாடக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்தான். ஆனால் அன்றிலிருந்து துளசிமணிக்கு அவர் சொல்லும் எதன்மேலும் நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது. பசிக்கவில்லை என்றால் ஏன் பசிக்கவில்லை என்பாள், தூக்கம் வருகிறது என்றால் மயக்கமா என்பாள், நன்றாக இருக்கிறேன் என்று அவர் சொன்னால்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகமாகும். கப்பலில் வந்து ரோஜாப் பூ அறையில் படுத்த பிறகும் அவர் நெஞ்சுமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டுதான் கிடந்தாள்.

மறுநாள் காலையில் மேல்தளத்தில் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தபோது பூவாத்தாள் கப்பலின் பின்பக்கம் கை காட்டி, "அதென்னமோ வருது பாருங்க" என்றாள். தண்ணீர்மேல் கறுப்பாகவும் சிவப்பாகவும் புள்ளிகள் அசைந்தன. முதலில் மீன் என்றார்கள், பிறகு வாத்து என்றார்கள், இன்னும் கிட்டே வந்ததும் பூவாத்தாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம செருப்புங்க" என்றாள், வீட்டு வாசலில் சொந்தக்காரர் வந்து நிற்பதைச் சொல்லுகிற குரலில். ஜோடி ஜோடியாக, இடது வலது இடது வலது என்று, ஆள் மட்டும் இல்லாமல், அலை ஏறினால் ஏறி அலை இறங்கினால் இறங்கி, சளக் சளக் என்று வந்துகொண்டிருந்தன. ஜெரால்டு ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கேப்டனிடம் ஓடிப்போய்க் கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, பக்கவாட்டு ஏணியை இறக்கினார்.

"ஏத்தக்கூடாதுன்னு யாரும் சொல்ல முடியாதுல்லா, பேசஞ்சர் சாமானாச்சே" என்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவரிடம் சொன்னார்.

முட்டிவலிக்காரர்கள் போடுகிற எம்.சி.ஆர் செருப்புகள்தான் முதலில் வந்தன, நிதானமாக, மூச்சு வாங்காமல். ஈஸ்வரமூர்த்தியின் ஷூக்கள் சாக்ஸோடு வந்தன, ஒவ்வொரு படியிலும் நின்று தண்ணீரைக் கொட்டிவிட்டு ஏறின. டீச்சர் ஒருத்தியின் குதிகால் உயர்ந்த செருப்பு அலையில் தடுக்கித் தடுக்கி அதற்கும் பின்னால் வந்தது, அதைப் பார்த்து எல்லாரும் இதுக்குத்தான் இதெல்லாம் வேண்டாம்னு சொல்றது என்றார்கள். புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடியின் நான்கு செருப்புகளும் மத்தியானத்துக்குமேல் சேர்ந்து வந்தன, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏறிய செருப்புகள் நேராகத் தங்கள் ஆள் இருக்கும் அறைவாசலைத் தேடிப் போய், உள்ளே நுழையாமல், முகப்பை வாசல் பக்கம் திருப்பி நின்றுகொண்டன, வளர்ப்பு அப்படி.

எதையும் ஒரு வழக்கமாக்கிவிட்டால் நம் ஆட்களுக்கு அப்புறம் பயம் இருக்காது. அரை நாளுக்குள் அங்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. செருப்பு வந்து சேர்ந்தவர் தான் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பலகாரத்தை மேல்தளத்தில் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். கச்சாயம் வந்தது, ஒப்புட்டு வந்தது, தேங்காய் பர்பி வந்தது, கேப்டனுக்கும் ஒரு தட்டு போனது. சமையல்கட்டிலிருந்து பழைய துண்டுகளைக் கொடுத்து ஈரத்தைத் துடைக்கச் சொன்னார்கள். உப்புப் பூத்துத் தோல் வெளுத்துவிட்டது என்று ஒருவர் ஜெரால்டிடம் புகார் சொன்னார், அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தேங்காய் எண்ணெய் வரவழைத்துக் கொடுத்தார். பூவாத்தாள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பர்பியை மென்றுகொண்டே சொன்னாள்.

"செருப்பு நம்மளத் தேடீட்டு வருதுன்னா என்ன அர்த்தம்? இந்தக் கால் இன்னும் ரொம்ப நாளைக்குத் தரையில நடக்கோணும்னு இருக்குது. அதுக்குத் தெரியுது பாருங்க."

சொன்னவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப வராதவிங்களுக்கு?" என்று யாரோ கேட்க, அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள், எல்லாரும் ரோஜாப் பூ அறைப் பக்கம் பார்த்தார்கள், பார்த்த வேகத்தில் கடலைப் பார்த்துக்கொண்டார்கள்.

ரோஜாப் பூ அறைவாசலில் துளசிமணியின் செருப்பு மட்டும் தனியாக நின்றது. காலையில் முதல் கூட்டத்தோடேயே வந்துவிட்டது; பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டு, சற்று ஒதுங்கி நின்றது. அவள் அடிக்கடி கதவைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள், பிறகு மேல்தளத்துக்குப் போய்ப் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரைப் பார்த்தாள். எல்லாச் செருப்புகளும் வந்து முடிந்து, ஏணியைத் தூக்கவா என்று கேட்டபோது அவள் வேண்டாம் என்றாள். ஏணி அப்படியே தொங்கியது.

அன்று சாயங்காலம் ஜெரால்டு கப்பல் போனில் துறைமுகத்துக்குப் பேசினார், அங்கே ஏதாவது மிச்சம் கிடக்கிறதா என்று. துறைமுகத்து வாட்ச்மேன் ஒன்றும் கிடக்கவில்லை, எல்லாம் பொழுது விடியும் முன்னே கடலில் இறங்கிவிட்டன, ஒரே ஒரு ஜோடி ஆண்பிள்ளைத் தோல் செருப்பு மட்டும் கடலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கு வெளியே போய் வேளாங்கண்ணி ரோட்டில் தெற்கே நடந்து போனது, நானே பார்த்தேன் என்றார். ஜெரால்டு கள்ளமில்லாத மனிதர், கேட்டதைக் கேட்டபடியே வந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். தெற்கு என்ற சொல் அந்த மனிதர்களுக்கு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியவில்லை. எமன் இருக்கிற திசை அல்லவா? மேல்தளத்தில் பர்பித் தட்டு அப்படியே இருந்தது, பூவாத்தாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். துளசிமணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

சென்னியப்பன்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது என்ற செருப்பே இல்லீங்" என்றார்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார், கப்பல் ஏறுவதற்கு முன்னால் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊரான சிக்கலில் கோயிலுக்குப் போய்ச் சாமி கும்பிட்டு வெளியே வந்தபோது விட்ட இடத்தில் தன் செருப்பைக் காணவில்லை, பக்கத்தில் அதே மாதிரி, ஆனால் புதிதாக ஒன்று கிடந்தது, யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று தெரிந்தது, பஸ்ஸில் எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள், அதைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார், கால் கொஞ்சம் பிடித்தது, வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது.

"அந்தச் செருப்பு அதோட ஆளைத் தேடிப் போயிருக்கு. நான் நல்லாத்தான் இருக்கறேன், துளசி. பயப்படாத."

அந்த 'நல்லாத்தான் இருக்கறேன்' என்பதை மட்டும் அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அவள் நம்பியிருப்பாளோ என்னவோ.

"போன வருசமும் வாயுன்னுதான் சொன்னீங்கொ" என்றாள். சத்தமில்லாமல்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "வேற ஆளு செருப்பைப் போட்டுட்டு வாற மனுசனா நீங்க? களத்துல ஒரு தேங்காத்தொட்டி மாறி வந்துட்டாலே திருப்பிக் குடுத்தனுப்பறவரு. எனக்காகச் சொல்றீங்க. எனக்குத் தெரியாதுங்களா மாமா?"

நெஞ்சுவலியை வாயு என்று சொன்னபோது ஊரே நம்பியது, அபூர்வமாக ஒரு நிஜத்தைச் சொன்னால் பெண்டாட்டிகூட நம்பவில்லை என்ற துக்கத்தில் அவர் அறைக்குப் போய்ப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கூட்டமும் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி, பாவம் பெண்டாட்டி பயப்படக்கூடாது என்று பொய் சொல்லுகிறார், எவ்வளவு பெரிய மனசு என்றது; மறுபாதி, அப்படியென்றால் அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாரா, இவரா, என்று தாடையில் கை வைத்தது. அவர் உண்மை சொல்லுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல மட்டும் அங்கே ஓர் ஆள் இல்லை.

துளசிமணிக்கு அதற்கப்புறம் கப்பலின் எந்தச் சுகமும் உடம்பில் ஒட்டவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் ஆப்பம் என்றார்கள், பாயசம் என்றார்கள், அவள் மோர் குடித்துவிட்டு எழுந்தாள். அவர் படியேறினால் பின்னால் போனாள், அவர் தும்மினால் எழுந்து உட்கார்ந்தாள். அவர் ஒரு தரம் "நல்லா இருக்கறேன்" என்றால் அவள் மூன்று கேள்வி கேட்டாள், மூன்றுக்கும் அவர் பதில் சொன்னால் அந்தப் பதில்களை வைத்து இன்னும் மூன்று கேட்டாள். உண்மையில் அவளுக்குச் செருப்பு வேண்டியிருக்கவில்லை. இந்த மனிதர் சொல்லுவதை நம்பலாம் என்று யாராவது, எதுவாவது, தண்ணீர்மேல் நடந்து வந்தாவது சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் அவள் ஜெரால்டிடம் போய், "தம்பி, கப்பலைச் சித்தெ நிறுத்த முடியுமுங்களா?" என்று கேட்டாள். "அது வயசான செருப்பு. மெதுவாத்தான் வரும். இப்பிடி ஓடீட்டே இருந்தா அது எப்பிடிங்க வந்து சேரும்?"

"நிறுத்துனா விசாகப்பட்டினம் போய்ச் சேர முடியாதேக்கா. எல்லாரும் சம்மதிக்கணுமே" என்றார் ஜெரால்டு.

சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். அங்கே பேசியது பூவாத்தாள்தான். தன் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அந்தப் பெண்ணை இப்படித் தின்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, இரண்டு நாளாக அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. "விசாகப்பட்டினத்துல நமக்கென்ன மாமனா மச்சானா? கடல் பாக்க வந்தோம், கடல் இங்கயும் அதேதான் இருக்குது. நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். முன்பதிவெல்லாம் செய்து வைத்திருந்த ஈஸ்வரமூர்த்தி என்னமோ சொல்ல வாயெடுத்தார், துளசிமணியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிறுத்துங்க சார்" என்றார். கேப்டன் நங்கூரம் எட்டாத ஆழம் என்று சொல்லி எஞ்சினை மட்டும் அணைத்தார். செங்கமலம் நடுக்கடலில், பஸ் வராத நிறுத்தம் மாதிரி, அசைந்துகொண்டு நின்றது.

எல்லாரும் பிரம்பு நாற்காலிகளைத் தூக்கிக் கரை இருக்கும் பக்கம் போட்டுக்கொண்டார்கள். இதுவரை கண்ணை மூடிக் காற்று வாங்கியவர்கள் இப்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காற்று வாங்கினார்கள். கண்ணாடி போட்டவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். சாப்பாடு அங்கேயே வந்தது. பெண்கள் பூ மாதிரி எதையாவது கட்ட வேண்டும் என்று கைபரபரத்துக் கப்பல் துண்டுகளின் ஓரத்தில் நூலை உருவி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தூரத்தில் ஒரு கட்டை மிதந்தால்கூட அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தனக்கு எதுவும் ஆகவில்லை என்று நிரூபிக்கச் சென்னியப்பனும் வந்து உட்கார்ந்தார், பக்கத்தில் துளசிமணி.

வெயில் சாயத் தொடங்கியபோது டீச்சர்தான் முதலில் பார்த்தாள். "செருப்பு வருது" என்றாள். சற்றுப் பொறுத்து, "ஆளும் வருது" என்றாள்.

ஆள்தான். வேட்டியை மடித்துக் கட்டிய, கன்னத்தில் வெள்ளைத் தாடி முளைக்க ஆரம்பித்திருந்த ஒரு மனிதர், கக்கத்தில் குடை, தண்ணீர் படாமல் உயர்த்திப் பிடித்த கையில் ஒரு மஞ்சள் பை, அலைமேல் ஏறி இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் நடக்கிற மாதிரி இல்லை, கால்கள் நடக்க மேல் உடம்பு பின்னால் சாய்ந்து, இழுத்துக்கொண்டு போகிற கன்றின் கயிற்றைப் பிடித்தவர் மாதிரி வந்தார். கப்பலுக்குக் கீழே வந்ததும் அண்ணாந்து பார்த்து முதலில் ஒரு கும்பிடு போட்டார். பிறகு ஏணியில் ஏறினார், அல்லது செருப்பு ஏற அவரும் ஏறினார், தளத்துக்கு வந்து நேராகச் சென்னியப்பன் முன்னால் போய் நின்றார்.

"இந்தச் செருப்பு உங்களுதாங்க?" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

துளசிமணி முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து சரிந்திருந்தது. களத்தில் வெயிலில் நின்று நின்று, கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நடக்கிற ஒருவர் தேய்த்த தேய்ப்பு. நடைவாசலில் எத்தனையோ வருஷமாக அவள் நிமிர்த்தி வைக்கிற ஜோடி.

"இவருதுதாங்க" என்றாள்.

வந்தவர் பெயர் கலியமூர்த்தி, ஊர் தலைஞாயிறு, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே. மகளுக்கு வரன் பார்த்திருந்தார்கள், நல்லபடி முடியட்டும் என்று சிக்கலில் அர்ச்சனை செய்துவிட்டுக் கூட்டத்தில் அவசரமாகக் காலை விட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடித்துவிட்டார். வீட்டுக்குப் போன பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது. மறுநாள் ரேஷன் கடைக்குப் புறப்பட்டவரைச் செருப்பு வேறு பக்கம் திருப்பியது, வாய்க்கால், வயல், ரோடு, துறைமுகம் என்று கூட்டிப்போய்க் கடலில் இறக்கியது.

"கரையிலயே கழட்டிப் போட்டிருக்கலாமுல்லங்க?" என்று பூவாத்தாள் கேட்டாள்.

"கழட்டியிருக்கலாம்தான். கழட்டினா இது பாட்டுக்குப் போயிடும், அப்பறம் என் செருப்பு யார்கிட்ட இருக்குன்னு நான் எங்கன்னு தேடறது? புதுசுங்க அது, மக நிச்சயத்துக்குன்னு வாங்கினது. எங்கங்க அது?"

ஜெரால்டு போனை எடுத்து, அவர் சொன்ன எண்ணை அழுத்தினார். மறுமுனையில் கலியமூர்த்தியின் மனைவி பேசியது கம்பிவரை உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் கேட்டது. செருப்பு மட்டும் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது, ஆள் எங்கே போய்த் தொலைந்தார், மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் இதென்ன கூத்து என்றாள் அவள். கலியமூர்த்தி போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "கப்பல்ல இருக்கேன்" என்றார்.

அப்போதுதான் சிரிப்பு கிளம்பியது. முதலில் ஈஸ்வரமூர்த்தி, பிறகு பூவாத்தாள், பிறகு தளம் முழுக்க, கேப்டன்கூட அறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். வேறு யாருடைய செருப்போ தன் ஆளைத் தேடித் தெற்கே போயிருக்கிறது, அங்கே ஒரு வீட்டில் மாப்பிள்ளைக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், இதற்கா எமனை இழுத்தோம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். துளசிமணி சிரிக்கவில்லை. எல்லார் முன்னாலும் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, வாய் விட்டு அழுதாள். ஒரு வருஷமாக அவள் நெஞ்சிலேயே வைத்திருந்த அழுகை அது, வரவர உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. பூவாத்தாள் எழுந்து வந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், "நான் ஒரு கிறுக்கி, என்ற வாய்ல மண்ணப் போட" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சென்னியப்பன் கலியமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, உங்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தது என் தப்பு என்றார். அவரோ, நான் அல்லவா முதலில் மாற்றினேன் என்றார். இப்படி மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததில் ஒருவர் செருப்பைக் கழற்றிக் கொடுக்கவும் மற்றவர் வாங்கிக்கொள்ளவும் மறந்துவிட்டார்கள். பிறகு கலியமூர்த்திக்குக் காலியாக இருந்த மல்லிகைப் பூ அறையைக் கொடுத்தார்கள், வெந்நீரில் கால் நனைக்க வாளி கொடுத்தார்கள், கடல்மேல் நடந்த களைப்பில் மெத்தையில் விழுந்தவர் அமிழ்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கப்பலில் எந்தக் குறையும் சொல்லாத ஒரே பிரயாணி அவர்தான் என்று ஜெரால்டு பின்னாளில் சொல்லுவார். செங்கமலம் எஞ்சினைப் போட்டு நாகப்பட்டினத்தை நோக்கித் திரும்பியது, மகள் நிச்சயத்துக்கு அவரைக் கொண்டு சேர்க்க வேண்டுமே.

தளம் காலியான பிறகு துளசிமணியும் சென்னியப்பனும் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் காலில் அவருடைய செருப்பு இருந்தது, ஈரத்தோடு.

"மாமா" என்றாள். "இப்ப உடம்பு எப்பிடி இருக்குதுங்க?"

அவர் உடனே வாயைத் திறந்தார், வழக்கமாக வருகிற பதில் வெளியே வரப் போனது, நிறுத்திக்கொண்டார்.

"வலி இல்ல துளசி. படி ஏறுனா மட்டும் மூச்சு வாங்குது. முந்தா நேத்து மேல வாறப்ப நடுவுல நின்னு, கடலப் பாக்கற மாதிரி நின்னுட்டு வந்தேன். நீ பாத்துருவீன்னு மட்டுமில்ல. நானே பயந்துட்டேன்."

பயந்துவிட்டேன் என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை. நெஞ்சு படபடக்கும் என்றுதான் நினைத்தாள், படபடக்கவில்லை. படியில் மூச்சு வாங்குகிறது என்று தானாகவே சொல்லுகிற மனிதர் வலி இல்லை என்றால் வலி இல்லைதான்.

"செரி" என்றாள். "ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்டச் சொல்லிக்கலாம்."

அடுத்த கேள்விக்காக அவர் காத்திருந்தார். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டாள். கேள்வி வரவில்லை.